கயிறு பிடித்தவரையும் படம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் கேரளாவின் கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரியில் நடக்கும் ஆற்றுத் திருவிழா பற்றி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்று சொல்வார்களே, அதுதான். வெள்ளை நுரை, நடுவே மஞ்சள் படகு, பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்புப் போடும் ஒருவர், பக்கத்தில் 'சீறும் ஆறு, சிலிர்க்க வைக்கும் சாகசம்' என்று கொட்டை எழுத்து. படம் நன்றாக இருந்தது, அதில் குறையில்லை. நானும் கேமராவைத் தூக்கிப் பிழைப்பு நடத்துகிறவன்தான், கல்யாணம் காதுகுத்து போக மீதி நாளில் இப்படி எதையாவது எடுத்து யாருக்காவது அனுப்புவேன். என் புகார் வேறு. அதே நாள் பேப்பரில், மாவட்டப் பக்கத்தின் அடியில், தடுப்பணைக்குக் குளிக்கப் போன இரண்டு பேர் 'சுழலில் சிக்கிப் பரிதாபமாக உயிரிழந்தனர்' என்று ஆறு வரிச் செய்தி. போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரிக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே ஆள் எழுதியிருக்க மாட்டார் என்பது தெரியும். ஆனால் படிக்கிறவன் ஒரே ஆள்தானே. ஒரு பக்கத்தில் ஆறு திருவிழாவாக இருக்கிறது, இன்னொரு பக்கத்தில் எமனாக இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எந்தப் பக்கத்திலும் ஒரு வரி கிடையாது.

நடுவில் ஒரு கயிறு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், வேண்டாததை வெட்டிக்கொள்ளுங்கள், கயிற்றை மட்டும் வெட்டாதீர்கள்.

உங்களைச் சொல்வதற்கு முன்னால் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை கடைசியில் அதே திருவிழாவைப் பதிவு செய்ய நானும் போனேன். ஓர் இணைய இதழுக்குக் கட்டுரையும் படங்களும் தருவதாகப் பேச்சு, பெட்ரோல் காசு மட்டும் அவர்கள் தருவார்கள். நான், வீடியோ எடுக்கும் ஒரு தம்பி, வண்டி ஓட்டும் நண்பர் ஒருவர், அவருடைய பழைய ஆம்னி. கோவையிலிருந்து கோடஞ்சேரி ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான், வாளையாறு தாண்டி பாலக்காடு, மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணா, மஞ்சேரி, அரீக்கோடு, முக்கம் என்று போனால் ஐந்தாறு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம்.

ஜூலை மாதத்தில் கோவைக்காரனுக்கு மழை என்றால் என்னவென்று மறந்திருக்கும். இங்கே காற்றும் சாரலும்தான். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி மண்ணார்க்காடு பக்கம் போனதும் யாரோ மேலே உட்கார்ந்து அண்டாவைக் கவிழ்த்த மாதிரி ஊற்ற ஆரம்பித்தது. ஆம்னியின் வைப்பர் இரண்டு தரம் ஆடிவிட்டுக் கண்ணாடி நடுவில் அப்படியே நின்றுவிட்டது. நண்பர் இறங்கிக் கையால் தள்ளிப் பார்த்தார், பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. காலை ஆறு மணிக்கு எந்த மெக்கானிக் வருவான். கடைசியில் ஒரு டீக்கடை ஓரம் ஒதுங்கினோம், அங்கே நின்றிருந்த நாமக்கல் லாரிக்காரர் ஒருவர் எங்கள் முழியைப் பார்த்துவிட்டு மடியிலிருந்து புகையிலையை எடுத்தார். ஈரக் கண்ணாடியில் அதை அழுத்தித் தேய்த்துவிட்டு "போங்க தம்பி, ஒரு மணி நேரம் தாங்கும்" என்றார். தாங்கியது. தண்ணீர் திட்டுத் திட்டாக நிற்காமல் ஒரே பாளமாக வழிந்து போய்விடுகிறது, சாலை கொஞ்சம் அலை அலையாகத் தெரிந்தாலும் தெரிகிறது. மஞ்சேரிக்குள் போவதற்குள் இன்னும் இரண்டு முறை தேய்த்தோம். அந்தத் தம்பி மட்டும் வழியெல்லாம் "அண்ணா, வண்டிக்குள்ளயே வாய் எரியுது" என்று முனகிக்கொண்டு வந்தான்.

மலப்புறம் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் மூலைக்கு மூலை அர்ஜென்டினாவின் நீல வெள்ளைக் கொடி. அந்த மாதம்தான் அவர்கள் கோபா அமெரிக்கா கோப்பையை ஜெயித்திருந்தார்கள், மழையில் நனைந்து மெஸ்ஸி பாதி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தார். 2022 உலகக் கோப்பை சமயத்தில் கோழிக்கோடு புல்லாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ரொனால்டோவுக்கும் கட்டவுட் வைத்தார்களே, அந்த ஊரும் இந்தப் பக்கம்தான். ஆற்றோடு இவர்களுக்கு இருக்கும் உறவே வேறு. அரீக்கோட்டில் சாலியாற்றுப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தோம், கரைமுட்ட செம்மண் நிறத்தில், சத்தமே இல்லாமல், கனமாகப் போய்க்கொண்டிருந்தது. கொங்கு நாட்டுக்காரனுக்கு அந்த ஆற்றைப் பார்த்தால் ஒரு பெருமூச்சு வரும், பாண்டியாறு புன்னம்புழைத் தண்ணீரை நம் பக்கம் திருப்பும் திட்டம் என்று தாத்தா காலத்திலிருந்து பேசுகிறோமே, கூடலூர்ப் பக்கத்து அந்தத் தண்ணீர் எல்லாம் போய்ச் சேருவது இதில்தான். அது வேறு கதை, இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

சரி, திருவிழாவுக்கு வருகிறேன். நடப்பது இரண்டு ஆறுகளில், சாலிப்புழை, இருவஞ்சிப்புழை. சாலிப்புழை வேறு, சாலியாறு வேறு. சாலிப்புழை துஷாரகிரி அருவிகளின் பக்கமிருந்து இறங்கி வந்து இருவஞ்சியில் சேரும், இருவஞ்சி போய்ச் சாலியாற்றில் சேரும். இரண்டும் மலைச்சரிவில் பாறைக்குப் பாறை குதித்துக்கொண்டு வரும் குட்டை ஆறுகள், மேலே மழை பெய்தால் சட்டென்று ஏறும், மழை நின்றால் அதே வேகத்தில் வடியும். வெயில் காலத்தில் போனால் பாறையில் துணி காயப்போடலாம். அதனால்தான் ஊரெல்லாம் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் ஆடி மழையில் இவர்கள் திருவிழா வைக்கிறார்கள். 2013-இல் ஆரம்பித்தது, இப்போது கேரள சுற்றுலாத் துறையே முன்னால் நின்று நடத்துகிறது. வெளிநாடுகளிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு ஓட்டுகிறவர்கள் வந்து புலிக்கயத்தில் கூடுகிறார்கள். ஆற்றுக்கு மேலே தொங்கும் கம்புகளுக்கு நடுவே நுழைந்து போகும் ஸ்லாலோம் போட்டியில் பச்சைக் கம்பு என்றால் ஓட்டத்தோடு போக வேண்டும், சிவப்பு என்றால் எதிர்த்து ஏற வேண்டும், உரசினாலே நேரம் கூட்டிவிடுவார்கள். போட்டர் கிராஸில் நாலு பேர் ஒரே சமயத்தில் ஆற்றுக்குள் பாய்ந்து முட்டி மோதிக்கொண்டு போவார்கள். கடைசி நாள் நெடுந்தூர ஓட்டம். எல்லாம் சேர்த்துப் பார்த்து ஆண்களில் முதல்வருக்கு ரேபிட் ராஜா, பெண்களில் முதல்வருக்கு ரேபிட் ராணி என்று பட்டம். இதெல்லாம் உங்கள் பக்கத்திலும் வந்திருந்தது, என் கட்டுரையிலும் வந்தது. இதற்கு மேல் என்ன எழுதினாலும் படம் பேசுவதில் பாதிகூட வராது.

படத்தில் வராததைச் சொல்கிறேன். முதல் நாள் நான் செய்ததும் எல்லோரும் செய்ததுதான். பெரிய லென்ஸைப் போட்டுக்கொண்டு, நல்ல நுரை எழும் இடமாகப் பார்த்துப் பாறையில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு இரண்டடி தள்ளி ஓர் இளைஞர் சிவப்பு லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட்டோடு நின்றிருந்தார். கையில் ஒரு சின்னப் பை, தண்ணீர் பாட்டில் உறை அளவுதான் இருக்கும். என் ஃபிரேமுக்குள் அவர் தோள் வந்துகொண்டே இருந்தது. "சேட்டா, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்" என்று இரண்டு முறை கேட்டேன். சிரித்தாரே தவிர நகரவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது அந்தப் பக்கத்து ஊர்த் தமிழில், மலையாளம் கலந்து, "நான் இங்க நின்னாத்தான் உங்களுக்கு அந்தப் படம் கிடைக்கும்" என்றார். அப்போது புரியவில்லை.

பத்து நிமிஷம் கழித்துப் புரிந்தது. ஒரு படகு கவிழ்ந்தது. கவிழ்வது பெரிய விஷயமில்லை, உள்ளே தலைகீழாக இருந்தபடியே துடுப்பால் தண்ணீரை அழுத்தி இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் நிமிர்ந்துவிடலாம், ரோல் என்று அதற்குப் பெயர். அந்தப் பெண் இரண்டு முறை முயன்றார், முடியவில்லை. இடுப்பைச் சுற்றி மூடியிருக்கும் ரப்பர் பாவாடையின் பட்டையை இழுத்துக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். படகு ஒரு பக்கம், துடுப்பு ஒரு பக்கம், ஆள் நடு ஆற்றில். எங்கள் பக்கமிருந்து ஒரு விசில். என் பக்கத்தில் நின்றவர் பையின் வாயில் தொங்கிய கயிற்று நுனியை இடது கையில் பிடித்தார், "ரோப்" என்று தொண்டை கிழியக் கத்தினார், பையை அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே, அவரைத் தாண்டி, கொஞ்சம் கீழ்ப்பக்கமாக வீசினார். பை பறக்கப் பறக்க உள்ளிருந்து கயிறு விரிந்துகொண்டே போய் அந்தப் பெண்ணின் தோளுக்குக் குறுக்கே விழுந்தது. இவர் அப்படியே பாறையில் உட்கார்ந்து குதிகாலை ஊன்றிக்கொண்டார். அவர் கயிற்றைப் பிடித்து, கையில் சுற்றிக்கொள்ளாமல் பிடித்து மட்டும், மல்லாந்து படுத்துக் கயிற்றைத் தோளுக்கு மேலே விட்டுக்கொண்டார். யாரும் இழுக்கவே இல்லை. கயிறு விறைத்ததும் ஆறே அவரை ஊஞ்சல் மாதிரி அரைவட்டமாகத் தள்ளிக் கரையில் கொண்டுவந்து விட்டது. எழுந்து உட்கார்ந்து தலையில் தட்டிக் காட்டினார், நலமாக இருக்கிறேன் என்று அர்த்தமாம். மொத்தம் இருபது வினாடிகூட இருக்காது. நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாளும் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கயிற்று இளைஞரோடுதான் உட்கார்ந்திருந்தேன், மழை விட்ட நேரத்தில் சேச்சி ஒருவரின் கடையில் கட்டன்சாயாவும் பழம்பொரியும். அவர் ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் கயிற்றைப் பைக்குள் போடுவதைப் பார்க்க வேண்டும். நாம் கிணற்றுக் கயிற்றைச் சுருட்டுவது போலச் சுருட்டுவதே இல்லை, பையின் வாயை இரண்டு விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் ஒரு சாணாக உள்ளே திணிக்கிறார், மூட்டையில் துணி அமுக்குவது போல. "சுருட்டினா முடிச்சு விழும். திணிச்சா விழாது. எது கடைசியா போச்சோ அது முதல்ல வரும்" என்றார். கயிறு தண்ணீரில் மிதக்கும் ரகம், 20 மீட்டருக்குள்தான் இருக்கும். ஜாக்கெட்டின் நெஞ்சில் ஒரு கத்தி. எதற்கு என்று கேட்டால், கயிறு யாரையாவது சுற்றிக்கொண்டால் அறுக்க. கயிறு வைத்திருக்கிறவன் கத்தியும் வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களிடம் சட்டம் மாதிரி. ஒவ்வொரு பெரிய இறக்கத்துக்கும் கீழே இப்படி ஆள் நிற்கிறார்கள், தண்ணீருக்குள்ளேயும் படகில் ஆள் காத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பட்டமும் கிடையாது, மேடையும் கிடையாது.

ஒரு கேள்வி கேட்டேன், அதற்கு வந்த பதில்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. "இவ்வளவு பாறை, இவ்வளவு இறக்கம், உனக்கு எதைப் பார்த்தால் பயம்?" அவர் ஏதோ பெரிய அருவியைச் சொல்வார் என்று நினைத்தேன். "தடயணை" என்றார். நம்ம ஊர்த் தடுப்பணை. நாலடி உயரம், ஐந்தடி உயரம், மேலே வழவழவென்று கண்ணாடி மாதிரி தண்ணீர் வழியும், கீழே குழந்தைகள் தலையைக் காட்டிக் குளிக்கும், அது. கயாக் ஓட்டுகிறவர்கள் இறங்கிப் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்து தாண்டுவது அதைத்தானாம்.

மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். சுவருக்கு மேலே வழிந்து விழும் தண்ணீர் விழுந்த வேகத்தில் அடிக்குப் போகிறது. அடியோடு கொஞ்ச தூரம் ஓடி மேலே கிளம்புகிறது. மேலே வந்ததில் ஒரு பகுதி முன்னால் போகாமல் திரும்பிச் சுவரை நோக்கியே ஓடுகிறது. அதாவது ஆறு கீழ்நோக்கிப் போகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அதே இடத்தில் மேல்மட்டத் தண்ணீர் மேல்நோக்கிப் போகிறது. அந்த இடத்தில் மாட்டியவரை அது சுவரடிக்கு இழுக்கும், விழும் தண்ணீர் அடியில் அமுக்கும், மேலே கொண்டு வரும், மறுபடி சுவரடிக்கு இழுக்கும். நீந்தத் தெரிந்தவனும் அதே சக்கரத்தில்தான் சுற்றுவான். போதாக்குறைக்கு அந்த நுரைத் தண்ணீரில் கணிசமான பங்கு காற்று, ஆளைத் தாங்காது, கை போட்டாலும் பிடிமானம் கிடைக்காது. பாறைகளுக்கு நடுவே என்றால் எங்காவது சந்து இருக்கும், ஆறு உங்களை வெளியே துப்பிவிட வாய்ப்பு உண்டு. சுவருக்குச் சந்து கிடையாது, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே மாதிரி. மழை ஏறஏற இது மோசமாகும். சத்தம் போடும் ஆற்றைப் பார்த்து நாம் ஒதுங்கிவிடுகிறோம், சத்தமில்லாத சுவரில்தான் துண்டைப் போட்டுவிட்டு இறங்குகிறோம்.

இதையெல்லாம் கட்டுரையில் எழுதினேன். கயிறு, கத்தி, திணிப்பு, தடுப்பணை எல்லாம், நானூறு வார்த்தை வரும். "திருவிழா மூடு கெட்டுப்போகும் சார்" என்று ஒரு மெசேஜ், அவ்வளவையும் எடுத்துவிட்டார்கள். நானும் சரி என்று விட்டுவிட்டேன், பெட்ரோல் காசு வர வேண்டியிருந்தது. என் படங்களில் அவர் தோள் வந்த படங்களை எல்லாம் நானே ஓரம் வெட்டித்தான் அனுப்பியிருந்தேன். இதுதான் நான் சொன்ன தப்பு.

ஞாயிறு இரவு திரும்பினோம். செவ்வாய் விடிகாலை, ஜூலை 30, அதே மலைத்தொடரின் அந்தப் பக்கத்தில், வயநாட்டில், முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் மண்ணுக்குள் போயின. நாங்கள் மெஸ்ஸியைப் பார்த்துச் சிரித்துவிட்டு எட்டிப் பார்த்த அதே சாலியாறு நிலம்பூர்ப் பக்கம் போத்துகல்லில் உடல்களைக் கொண்டுவந்து ஒதுக்கியது. அன்றைக்கு எந்தக் கயிறும் எதையும் செய்திருக்க முடியாது, அந்த ஒப்பீட்டுக்கே நான் போகவில்லை. ஆனால் கட்டுரை அந்த வாரம்தான் வந்தது, சிலிர்ப்பு, சாகசம் என்ற வார்த்தைகளோடு. அதை இன்றைக்கும் யாருக்கும் காட்டுவதில்லை.

இப்போது நம் பக்கம் வருவோம். 2022 ஜூனில் கடலூர் அருகே கெடிலம் ஆற்றுத் தடுப்பணைத் தண்ணீரில் மூழ்கிப் போனவர்கள் ஏழு பெண்கள், பாதிப் பேர் சிறுமிகள். 2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்கு வந்த நான்கு பள்ளி மாணவிகள் மாயனூரில் காவிரியில். அதே வருஷம் அக்டோபரில் வால்பாறைக்குச் சுற்றுலா போன ஐந்து கல்லூரி மாணவர்கள், எங்கள் கோவைப் பிள்ளைகள். இவை தலைப்புச் செய்தியானவை. ஒன்றிரண்டு பேராகப் போகிறவர்கள் உங்கள் மாவட்டப் பக்கத்தின் ஆறு வரியில். ஒருவர் தடுமாறுவார், பக்கத்தில் இருப்பவர் கையை நீட்டிக்கொண்டு இறங்குவார், அவரைப் பிடிக்க இன்னொருவர். அதனால்தான் எண்ணிக்கை ஒன்றில் நிற்காமல் நாலு, ஐந்து, ஏழு என்று போகிறது. செய்தியில் நாம் எழுதுவது 'சுழலில் சிக்கி', 'ஆழம் தெரியாமல்', 'நீச்சல் தெரியாததால்'. கயிறு வீச ஆளில்லாததால் என்று யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா?

நமக்கு இது தெரியாத வித்தை என்றும் சொல்ல முடியாது. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் கிரிக்கெட் விளையாட வந்த பையன்கள் நாலு பேர் மூழ்கியபோது கரையில் இருந்த மூன்று பெண்கள் என்ன செய்தார்கள், நினைவிருக்கிறதா? கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேரைக் காப்பாற்றினார்கள், மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது, உங்கள் பேப்பரிலும் படம் வந்தது, மானத்தைவிட உயிர் பெரிது என்று எல்லோரும் உருகி எழுதினோம். உருகினது சரிதான். ஆனால் அவர்கள் செய்தது கோடஞ்சேரிப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாடம், முதலில் நீட்டு, எட்டாவிட்டால் வீசு, நீ இறங்குவது எல்லாம் தோற்ற பிறகு. யாரும் அவர்களிடம் போய் எப்படி வீசினீர்கள், சேலையின் எந்த நுனியைப் பிடித்தீர்கள், எங்கே நின்றீர்கள் என்று கேட்டு எழுதவில்லை. கேட்டிருந்தால் அது ஒரு நல்ல பக்கம்.

ஏதாவது நடந்தால் நாம் செய்வது ஒன்றுதான், தடை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 23 பேர் போன பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, அதற்குப் பல வருஷம் கழித்து, 2024 அக்டோபரில்தான், வனத்துறையே வழிகாட்டியோடு 40 பாதைகளைத் திறந்தது. அந்த விஷயத்திலாவது தடையிலிருந்து வழிகாட்டிக்கு வந்து சேர்ந்தோம். ஆற்றுக்கு இன்னும் போர்டுதான். 'இங்கு குளிக்கக் கூடாது' என்று துருப்பிடித்த ஒரு தகரம், அதன் மேலேயே துண்டு காயும். ஆடிப் பதினெட்டு அன்று எவன் போர்டைப் படிக்கப் போகிறான், அன்றைக்கு ஆற்றுக்குப் போகாதே என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும், முளைப்பாரியும் காதோலை கருகமணியும் எடுத்துக்கொண்டு மூன்று தலைமுறை சேர்ந்து போகும் நாள் அது. மேட்டூர் திறந்தால் ஆற்றில் தண்ணீர் ஓடும் காலமும் அதுதான்.

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆடிப்பெருக்குக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. அதற்கு முந்தின நாள் முதல் பக்கத்தில், ராசிபலன் அளவுக்கு, ஒரு கட்டம் போடுங்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் நீளக் கயிறு ஒன்று எடுத்துப் போகட்டும், நாற்பது ஐம்பது அடி போதும். நுனியில் மூடிய காலிக் கேன் ஒன்று கட்டியிருந்தால் அது பறந்து போய் விழும், பிடிக்கவும் மிதக்கவும் உதவும், சுரைக்குடுக்கையும் குடமும் கட்டி நீச்சல் பழகிய ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீசுகிறவர் உட்கார்ந்து கொள்ளட்டும், நின்றால் அவரையும் இழுத்துவிடும். கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். ஓட்டத்தில் போகிறவர் எழுந்து நிற்கப் பார்க்காமல் மல்லாந்து, காலை முன்னால் நீட்டிக்கொள்ள வேண்டும், நின்றால் பாறைச் சந்தில் கால் மாட்டும், பின்னாலிருந்து வரும் தண்ணீர் முகத்தைக் குப்புற அழுத்தும். தடுப்பணைச் சுவரின் கீழ்ப்பக்கம் முழங்கால் தண்ணீர் என்றாலும் குழந்தைகளை விட வேண்டாம். 112-ஐயும் தீயணைப்புக்கு 101-ஐயும் பெரிய எழுத்தில். இவ்வளவுதான், பத்து வரி.

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்பார்கள், கயாக் என்பது பணக்காரன் விளையாட்டு, அதை வைத்து நமக்கு எதற்குப் பாடம் என்று. படகு விலையைக் கேட்டால் எனக்கும் தலை சுற்றும். கயிறு நம் எல்லோருடைய வீட்டிலும் இருக்கிறது.

அப்புறம், அடுத்த வருஷமும் உங்கள் ஆள் கோடஞ்சேரிக்குப் போவார், போக வேண்டும், நல்ல இடம், மழையில் வைப்பரை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். படகைப் படம் எடுத்த பிறகு லென்ஸைக் கரைப் பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். இந்த வருஷத்துக்கு வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது, மூன்றாம் நாள் எடுத்தது, ஓரம் வெட்டாதது. அவர் பாறையில் உட்கார்ந்து பையின் வாயை இரண்டு விரலால் விரித்துக் கயிற்றைத் திணித்துக்கொண்டிருக்கிறார், பின்னால் ஒரு மஞ்சள் படகு மங்கலாகப் போகிறது. அவரிடம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
கோவை